விசை யார் கையில்?

(மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"செய்திக் கருவிகள் - அன்றும் இன்றும்" என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அன்று ஓலை, இன்று ஒளியிழை! அன்று புறா, இன்று கைப்பேசி! அன்று மாதக் கணக்கு, இன்று நொடிக் கணக்கு! வேறுபாடு இவ்வளவுதான் என்றால், கைதட்டிவிட்டுக் கலைந்துவிடலாம். நான் கேட்க வந்ததோ வேறு கேள்வி. செய்தி எத்துணை விரைவாகச் செல்கிறது என்பதல்ல. அதை நிறுத்தும் விசை எவர் கையில் இருக்கிறது என்பதே அக்கேள்வி.

பிரெஞ்சு நாட்டைப் பாருங்கள். புரட்சி பொங்கிய காலம். கிளாட் ஷாப் என்பவரின் திட்டப்படி, 1794-ல் பாரிசுக்கும் லீல் நகருக்கும் இடையே கோபுரங்கள் எழுந்தன. உச்சியிலே மரக்கைகள்! ஒரு கோபுரம் கையை மடக்கும், நீட்டும். அடுத்த கோபுரத்துக்காரன் தொலைநோக்கியால் கண்டு, அவ்வாறே அசைப்பான். குதிரையின் குளம்படி தோற்றது. மரத்தின் கையசைவு வென்றது. ஆனால், ஏழை உழவன் அதன் வழியே மகனை நலம் விசாரிக்க முடிந்ததா? இல்லை! அது அரசின் கை. அரசுக்காகவே அசைந்த கை.

போர்டோ நகரத்து பிளாங்க் சகோதரர்கள், பாரிசுப் பங்குச் சந்தையின் போக்கை முந்தி அறிய, பணியாளருக்கு இலஞ்சம் கொடுத்து, அரசுச் செய்திக்குள்ளே தங்கள் குறியைச் செருகினர். 1836-ல் குட்டு வெளிப்பட்டது. மறு ஆண்டே பிறந்தது சட்டம்: அனுமதியின்றி எவர் குறி அனுப்பினும் சிறை, அபராதம்! களவு செய்தவர் இருவர். கை கட்டப்பட்டதோ நாடு முழுதும்!

நம் நாட்டுக்கு வருவோம். கல்கத்தாவையும் ஆக்ராவையும் 1854-ல் கம்பி இணைத்தது. 1857 மே 11-ல் சிப்பாய்கள் டெல்லிக்குள் புகுந்தபோது, அங்கிருந்து அம்பாலாவுக்குப் பறந்தது தந்தி எச்சரிக்கை. துப்பாக்கி ஏந்திய கிளர்ச்சிக்காரன் கம்பியையும் அறுத்தானே, ஏன்? கம்பியும் ஆயுதமே என்று உணர்ந்ததால்!

1885-ல் வெள்ளை அரசு இயற்றியது இந்தியத் தந்திச் சட்டம். பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்று காரணம் கூறிச் செய்தியைத் தடுக்கலாம், இடைமறிக்கலாம். 1947-ல் வெள்ளையன் போனான். 2013 ஜூலையில் தந்தியும் போயிற்று. "தந்தி!" என்ற குரல் கேட்டதும், உறையைப் பிரிக்குமுன்பே ஒப்பாரி எழுந்த காலம் மறைந்தது. ஆனால் தந்திச் சட்டம்? அது மட்டும் சாகவில்லை! 2017-ல் அதன் மடியிலேதான் பிறந்தன, இணையத்தை நிறுத்தும் விதிகள்.

2019 ஆகஸ்டில் காஷ்மீரில் தொலைபேசியும் ஊமையாயிற்று, இணையமும் இருண்டது. அதிவேக இணையம் முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில். இடையே, 2020 ஜனவரி 10-ல் உச்ச நீதிமன்றம் உரைத்தது: காலவரையின்றி நிறுத்துவது ஆகாது, ஆணையை வெளியிட வேண்டும். 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. ஏடு புதிது, ஆனால் நிறுத்தும் அதிகாரம் அதிலும் உண்டு.

"வதந்தி பரவுகிறதே, விசை வேண்டாமா?" என்பர் சிலர். நாடகக்காரன் நான்; சொல்கிறேன். காட்சி மாற விளக்கை அணைக்கிறோம். மீண்டும் ஏற்றும் நேரமும் அறிந்தே அணைக்கிறோம். எதற்கு அணைத்தேன், எப்போது ஏற்றுவேன் என்று கூறாதவன், காட்சியை மாற்றவில்லை; கொட்டகையையே பூட்டுகிறான்! அதுமட்டுமா? வதந்தியை வெல்வது உண்மை. உண்மை வரும் வழியையும் அடைத்துவிட்டால், இருட்டிலே வதந்திக்கன்றோ கொண்டாட்டம்!

வள்ளுவர் தூதுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார், ஒற்றுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இன்றோ, தூதும் ஒற்றும் ஒரே கைப்பேசிக்குள் குடியிருக்கின்றன!

ஆகவே தோழர்களே, புதுமையை வெறுக்காதீர். அதை மட்டுமே நம்பியும் இராதீர். ஒரு விசையால் அணையும் ஆயிரம் விளக்குகளைவிட, தனித்தனியே எரியும் பத்து அகல்கள் உறுதியானவை. படிப்பகம், துண்டறிக்கை, தெருமுனைப் பேச்சு - இவற்றை ஒரே விசையால் அணைத்திட இயலாது. அவற்றைக் காத்து வாருங்கள். இணையம் நிற்கும்போதெல்லாம் மூன்று கேள்விகளை முழங்குங்கள்: ஆணை எங்கே? காரணம் என்ன? கெடு எந்நாள்?

விசை அவர்கள் கையில் இருக்கலாம். கேள்வி நம் கையில் இருக்கட்டும்!