வலியில்லாமல் மங்கும் கண்

எச்.ஐ.வி. தொற்றோடு வாழும் ஒருவருக்குக் காலையில் எழுந்ததும் ஒரு கண் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. வலி இல்லை, சிவப்பும் இல்லை. தூக்கம் போதவில்லை என்று விட்டுவிடாதீர்கள். விழித்திரையின் ரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். வாய்க்கால் அடைத்தால் தண்ணீர் கரை வழிவதுபோல, சிரை அடைத்தால் ரத்தம் விழித்திரையில் கசியும். தமனி அடைத்தாலோ சில மணி நேரத்திலேயே பார்வை நிரந்தரமாகப் போய்விடக்கூடும். அன்றைக்கே கண் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

நோய் எதிர்ப்புக்கு உதவும் சி.டி.4 அணுக்கள் 50-க்குக் கீழே இறங்கியவர்களுக்கு சைட்டோமெகலோ வைரஸும் விழித்திரையை அரிக்கலாம். சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரித்துப் பார்த்தால்தான் எது என்று பிடிபடும். சர்க்கரை, ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்வார்கள்.

இந்தியாவில் அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் 2004 முதல் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து இலவசம். கண் மருத்துவரிடம் தொற்றை மறைக்காமல் சொல்லுங்கள். அதற்காகச் சிகிச்சை மறுப்பதை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடை செய்திருக்கிறது.