பிழைக்க வந்த ஊரையும் பார்ப்போம்



பிழைப்புத் தேடித் தமிழர் பலர் பெங்களூருக்கு வந்தார்கள். கட்டடம் கட்டுகிறார்கள். வீட்டு வேலை செய்கிறார்கள். பல வருடம் ஆகியும் சிலர் ஊரைச் சுற்றிப் பார்த்ததில்லை. "இது நம்ம ஊரா?" என்று கேட்கிறார்கள்.

ஆகஸ்டு 15, ஞாயிறை ஒட்டி வந்தால் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு. அப்போது லால்பாக்கில் மலர்க் கண்காட்சி நடக்கும். 1760-இல் இந்தத் தோட்டத்தைத் தொடங்கியவர் ஹைதர் அலி. வளர்த்தவர் அவர் மகன் திப்பு சுல்தான். உள்ளே ஒரு பெரிய பாறை இருக்கிறது. அதன் வயது சுமார் 300 கோடி ஆண்டு! அந்தப் பாறைக்கு எல்லோருமே நேற்று வந்தவர்கள்தான்.

மறுநாள் அல்சூர் ஏரிக்குப் போகலாம். ஏரி அருகே திருவள்ளுவர் சிலை இருக்கிறது. பல ஆண்டுகள் மூடிக் கிடந்த சிலை அது. 2009 ஆகஸ்டு 9-இல் திறந்தார்கள். நான்கு நாள் கழித்து, சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். இரு மொழிக்காரரும் மாறி மாறி மரியாதை செய்தார்கள்.

பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் கன்னடப் பலகையைப் படிப்பார்கள். அவர்களிடம் நாலு எழுத்துக் கேட்டுக் கொள்ளுங்கள். பார்க்கப் பார்க்கத்தான் ஊர் சொந்தமாகும்.