கழுகு செத்தால் நமக்கென்ன?



மாடு செத்தால் பிணந்தின்னிக் கழுகு வருகிறது, தின்கிறது, போய்விடுகிறது. அதைக் கண்டால் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிறோம். வீட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாலோ அபசகுனம் என்று சாந்தி செய்கிறோம். அப்படிப்பட்ட பட்சி அடியோடு அழிந்துபோனால்தான் மனிதனுக்கு என்ன நஷ்டம் என்று யாரும் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே இன்று வந்திருக்கிறோம்.

ஜீவராசிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்கெடுப்பது ஒரு வேலை. எது எதைத் தின்கிறது, எது எதற்குப் போட்டி, எது எதனால் பிழைக்கிறது என்று அவைகளுக்குள் ஓடும் நூல்களைக் கண்டுபிடிப்பது வேறு வேலை. அந்த நூல்கள் எல்லாம் சேர்ந்தது ஒரு வலை. ஒரு நூல் அறுந்தால் எங்கெங்கே தளரும் என்பது வலையை அறிந்தவனுக்குத்தான் தெரியும்.

சரி, வலையை அறிவது எப்படி? "ஆண்டவன் ஒவ்வொன்றையும் ஒரு காரியத்துக்காகப் படைத்தான்" என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யோசிக்க வேலையில்லை. அமெரிக்காவில் ராபர்ட் பெயின் என்ற விஞ்ஞானி அப்படிச் சொல்லிவிட்டு உட்காரவில்லை. 1963-ல் தொடங்கி, வாஷிங்டன் மாகாணக் கடலோரப் பாறையில் ஒரு பகுதியிலிருந்த நட்சத்திர மீன்களையெல்லாம் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். பக்கத்துப் பகுதியைத் தொடாமல் விட்டுவைத்தார். தொடாத பகுதி இருந்தபடியே இருந்தது. நட்சத்திர மீன் போன பகுதியிலோ, அது தின்றுவந்த ஒருவகைச் சிப்பி பெருகிப் பாறையைப் பிடித்துக்கொண்டு மற்றவைகளை நெருக்கித் தள்ளிற்று. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 தான் மிஞ்சின. இதை 1966-ல் அவர் வெளியிட்டார். தின்கிறது ஒழிந்தால் மற்றதெல்லாம் செழிக்கும் என்றுதானே நாம் எண்ணுவோம்? நடந்தது நேர்மாறு. ஊகத்துக்கும் பரீட்சைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அவர் தெரிந்து ஒரு சிறு பாறையில் செய்ததை, நம் தேசத்தில் நாம் தெரியாமலே ஊர் ஊராகச் செய்துவிட்டோம். 1990-களில் கழுகுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. வெண்முதுகுக் கழுகு 1992-க்கும் 2007-க்கும் இடையில் 1000-க்கு 999 என்ற கணக்கில் குறைந்துபோயிற்று. ஏதோ தொற்றுநோய் என்று முதலில் எண்ணினார்கள். பாகிஸ்தானில் செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்தவர்கள் 2004-ல் காரணத்தை வெளியிட்டார்கள். மாட்டுக்கு வலியும் வீக்கமும் தீரப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற மருந்துதான் அது! மருந்து போட்டபின் சீக்கிரம் செத்த மாட்டைத் தின்றால் கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டுவிடுகிறது. நூற்றில் ஒரு பிணத்துக்கும் குறைவாக இந்த விஷம் இருந்தாலே இத்தனை அழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டார்கள். ஏனென்றால் ஒரு பிணத்தின்மேல் எத்தனையோ கழுகுகள் விழுகின்றன. ஒரு ஜோடிக் கழுகோ வருஷத்துக்கு ஒரே முட்டைதான் இடுகிறது.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். பிணங்கள் கிடந்து அழுகின. அதைத் தின்னத் தெருநாய்கள் கூடின. வெறிநாய்க்கடி பயம் வளர்ந்தது. கழுகு வாழ ஏற்ற ஜில்லாக்களையும் ஏலாத ஜில்லாக்களையும், பெயின் இரண்டு பாறைப் பகுதிகளை வைத்துப் பார்த்ததுபோலவே, பொருளாதார நிபுணர்கள் இருவர் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாக மாண்டிருப்பார்கள் என்பது அவர்கள் 2024-ல் வெளியிட்ட மதிப்பு. தோழர்களே! மாட்டுக் கொட்டகையில் போட்ட ஊசி மனிதன் வீட்டில் சாவாக வந்து நின்றது. இதைத் தலைவிதி என்பதா? ஊர் தேவதையின் கோபம் என்பதா? எந்தப் பூசாரி இந்த மருந்தின் பேரைச் சொல்லியிருப்பான்?

இதனால் மாட்டுக்கு மருந்தே ஆகாது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. காரணம் தெரிந்தபடியால் பரிகாரமும் தெரிந்தது. 2006-ல் டைக்ளோஃபெனாக்கை மாட்டுக்குப் போடுவதைச் சர்க்கார் தடுத்தது. கழுகுக்குக் கெடுதல் செய்யாத மெலாக்சிகாம் என்ற மருந்து இருக்கிறது; மாட்டுக்கு வேண்டிய சுகமும் அதில் உண்டு. 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிகுளோஃபெனாக் என்ற இரண்டையும் மாட்டுக்கு ஆகாதென்று தடுத்தார்கள். ஆனால் மனிதனுக்கென்று விற்கும் மருந்தை மாட்டுக்குப் போட்டால் சட்டம் என்ன செய்யும்?

நீலகிரிப் பக்கம் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் கழுகுகள் கூடு கட்டுகின்றன. அவை மிஞ்சுவது நம் கையில் இருக்கிறது. ஆகவே மாடு வைத்திருக்கும் தோழர்களை ஒன்று கேட்டுக்கொள்ளுகிறோம். வைத்தியர் ஊசி எடுக்கும்போது, "இது என்ன மருந்து? கழுகுக்கு ஆகுமா?" என்று கூசாமல் கேளுங்கள். கழுகு வீட்டின்மேல் உட்கார்ந்தால் சாந்திக்குச் செலவழிக்கும் காசை மாட்டின் நல்ல மருந்துக்குச் செலவழியுங்கள்.