என் எழுத்து எனக்குப் பிடிக்கும்

ஓசூரில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் பஸ் பிடித்து, கவிதை வாசிக்க அஞ்செட்டிக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே!

தன் படைப்பைத் தானே நேசிப்பது நல்லதா, அது தற்பெருமையா? இந்தக் கேள்வியோடு நான் வெகுதூரம் போகவில்லை. நம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜியிடமே போகிறேன்.

இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர். சென்னை மாநில முதலமைச்சர் பதவியை 1954இல் விட்டவர். பிறகு கல்கி இதழில் ராமாயணத்தைத் தொடராக எழுதினார். அதுதான் ‘சக்கரவர்த்தித் திருமகன்’. 1958இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. எழுதி முடித்தபோது அவர் மனம் என்ன ஆயிற்று என்று நூலின் முடிவில் அவரே சொல்கிறார். அயோத்தியை விட்டுப் போகும்போது ராமன் வருந்தவில்லை, சீதையை இழந்த பிறகே துயரம் என்றால் என்னவென்று அறிந்தான். தன் கதையும் அதுதான் என்கிறார். பதவி போனபோது கலங்காதவருக்கு, எழுதிக்கொண்டிருந்த கதை முடிந்தபோது நெஞ்சு வெறுமையாகிவிட்டது! பாரதத்தையும் ராமாயணத்தையும் தமிழில் சொன்னதே தான் மக்களுக்குச் செய்த மிகச் சிறந்த பணி என்றும் கருதினார். இதைத் தற்பெருமை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கைதட்டலுக்கு ஏங்கியவர் என்றால் நாற்காலியை இழந்தபோதல்லவா அழுதிருக்க வேண்டும்?

இலக்கணத்திலேயே இதற்கு இடம் உண்டு, அதற்கும் வெகுதூரம் போக வேண்டாம். ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவரை நன்னூல் என்ற இலக்கண நூலை எழுதச் சொன்ன சீயகங்கன், கங்கர் குடியைச் சேர்ந்தவன். அந்தக் குடியின் பழைய தலைநகர், மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கோலார். எத்தனை துறை கரைகண்டாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்கிறது நன்னூல். அடுத்த சூத்திரத்திலேயே புலவர்களுக்கு நான்கு இடங்களில் அனுமதி தருகிறது: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் திறமை தெரியாதவர்கள் நடுவில், சபையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி இழித்துப் பேசும்போது.

பாரதி அந்த முதல் அனுமதியை எடுத்துக்கொண்டார். 1919இல் எட்டயபுரம் மன்னருக்குப் பாட்டாகவே ஓலை எழுதி, தன் கவிதையின் பெருமையைக் கூசாமல் சொன்னார். மறுவருடம் தன் எழுத்துக்களை 40 நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதிகளாக அச்சிடப் பணம் கேட்டுச் சுற்றறிக்கை விட்டார். மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிட வேகமாக விற்கும் என்று நம்பினார். பணம் வரவில்லை. 1921இல் போய்விட்டார். அவர் எழுத்து நாட்டுடைமை என்று அரசு அறிவித்தது 1949இல். அந்த நம்பிக்கையும் அவருக்கு இல்லாமல் இருந்திருந்தால், யார் அவருக்குத் தைரியம் சொல்லியிருப்பார்கள்?

நம் பிள்ளைகளைப் பார்க்கிறேன். நோட்டைப் பிரிக்கும் முன்பே, ‘சும்மா கிறுக்கினதுங்க’ என்று தலையைக் குனிந்துகொள்கிறார்கள். வேண்டாம் தம்பி. வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசி, தமிழில் எழுதுகிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் திறமை தெரியாத ஊர்கள்தான் எத்தனை! நன்னூல் தந்த இரண்டாவது அனுமதி உங்களுக்காகவே.

எனக்கு மனம் கசப்பது வேறொரு இடத்தில். தன் கவிதையை வாசித்து முடித்த கையோடு, அடுத்தவர் மைக்கைப் பிடிப்பதற்குள் வண்டிச் சாவியைத் தேடுகிறவர் இருக்கிறாரே, அவருடைய நேசம் கவிதை மேலே இல்லை. கவிதையை நேசிக்கிறவருக்கு அடுத்தவர் வரியைக் கேட்காமல் எழுந்துபோகக் கால் வராது. ‘இந்த வரி இடிக்குது’ என்று யாராவது சொன்னால் முதலில் சுருக்கென்று இருக்கும். ராத்திரி உட்கார்ந்து அந்த வரியைத் திருத்துவார்.

பாயிரத்தை, அதாவது முன்னுரையை, யார் எழுதலாம் என்றும் நன்னூல் சொல்கிறது. ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், உரைகாரர். எழுதியவர் அந்தப் பட்டியலில் இல்லை. இன்றைக்கு இங்கே வாசிக்கப் போகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். கூட்டம் முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரின் நோட்டை வாங்கிக்கொண்டு போங்கள். முழுக்கப் படித்து, ஒரு பக்கம் முன்னுரை எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.