நாலு டிக்கெட், நாலு கட்டணம்



பாட்டுக்குக் காசு கொடுப்பது நமக்குப் புதிதல்ல. ஊரில் திருவிழா வந்தால் தலைக்கட்டு வரி போடுகிறோம். வீட்டுக்கு இவ்வளவு என்று கோயில் வாசலில் பேசி முடிக்கிறோம். ஆர்கெஸ்ட்ராவுக்கு எவ்வளவு, மைக்செட்டுக்கு எவ்வளவு, பந்தலுக்கு எவ்வளவு, எல்லாம் விழா முடிந்ததும் கணக்காக வாசிக்கப்படும். வாசிக்கும்போது சண்டையும் வரும். சிரிக்காதீர்கள், அந்தச் சண்டைதான் நம்ம ஊர் ஆடிட்டிங்! காசு கொடுக்காமலும் பாட்டுக் கேட்டிருக்கிறோம்: 2025 ஜூலை 27 அன்று கங்கைகொண்ட சோழபுரத்தில், ஆடித் திருவாதிரை விழாவில், இளையராஜா இசை நிகழ்ச்சி நடத்தினாரே, அது மத்திய அரசு நடத்திய விழா. டிக்கெட் விற்பனையே கிடையாது.

அதே இளையராஜாவைச் சென்னையில் போய்க் கேட்க வேண்டுமென்றால்? செல்போனை எடுக்கிறோம். ஆயிரம் ரூபாய் என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு நாலாயிரம். பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் ‘கன்வீனியன்ஸ் ஃபீ’ என்று ஒன்று தலை நீட்டும். அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. நாலு டிக்கெட்டையும் ஒரே தடவையில்தானே எடுத்தோம்? கட்டணம் மட்டும் ஏன் தலைக்கு ஒன்று?

“பிடிக்கவில்லையா, வேறு கடைக்குப் போ” என்பார்கள். வேறு கடை எங்கே? 2007இல் சென்னையில் தொடங்கிய டிக்கெட்நியூ தளம், 2018இல் பேடிஎம் கைக்குப் போனது. 2024 ஆகஸ்டில் பேடிஎம் தன் டிக்கெட் வியாபாரத்தை 2,048 கோடி ரூபாய்க்கு சொமேட்டோவுக்கு விற்றது. அதன் பெயர்தான் இப்போது டிஸ்ட்ரிக்ட். எதிர்ப்பக்கம் புக்மைஷோ. பெரிய கடை இந்த இரண்டுதான். அதிலும் பெரிய கச்சேரி என்றால் பெரும்பாலும் ஏதாவது ஒன்றில்தான் டிக்கெட்.

2022 ஜூனில் இந்தியப் போட்டி ஆணையம் புக்மைஷோ மீது விசாரணைக்கு உத்தரவிட்டது. புகார் கொடுத்தது ஒரு சிறு போட்டி நிறுவனம். தியேட்டர்காரர்களுக்கு முன்பணம் கொடுக்கிறார்கள், கட்டணத்தில் பங்கும் கொடுக்கிறார்கள், அதனால் எங்களைப் போன்றவர்கள் உள்ளேயே நுழைய முடியவில்லை என்பது குற்றச்சாட்டு. அந்தப் பங்கு என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். நாம் திட்டுவதெல்லாம் டிக்கெட் விற்கும் ஆப்பை. அந்தக் காசில் ஒரு பகுதி அரங்கத்துக்காரருக்கும் போகிறதென்றால், “கட்டணத்தைக் குறை” என்று நமக்காக யார் வாதாடுவார்?

2025 ஜனவரியில் கோல்ட்ப்ளே இசைக்குழு மும்பைக்கு வந்தது. நிகழ்ச்சியை நடத்தியது புக்மைஷோ, டிக்கெட் விற்றதும் புக்மைஷோ. அதிகபட்சம் 35,000 ரூபாய் டிக்கெட்டுக்கு மறுவிற்பனைத் தளங்களில் லட்சக்கணக்கில் விலை சொன்னார்கள். செட்டிக்குளத்தில் சின்ன வெங்காயம் போடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: மண்டியும் அவனுடையது, லாரியும் அவனுடையது, தராசும் அவனுடையது என்றால் விலையும் அவன் சொல்வதுதானே? கச்சேரி நடத்தும் லைவ் நேஷனும் டிக்கெட் விற்கும் டிக்கெட்மாஸ்டரும் ஒன்றாகச் சேர 2010இல் அனுமதி கொடுத்த அதே அமெரிக்க அரசு, 2024 மே மாதம் பிரிக்கச் சொல்லி வழக்குப் போட்டது. புத்தி வர பதினாலு வருஷம்!

கட்டணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டணத்தைத் தடுத்த மகாராஷ்டிர அரசாணைகளை 2025 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. வேலைக்குக் கூலி வாங்கட்டும். முதல் பக்கத்திலேயே மொத்த விலையைச் சொல்லிவிட்டு வாங்கட்டும். விலையை இப்படிச் சொட்டுச் சொட்டாகக் காட்டுவதை 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகளே ஏமாற்று உத்தி என்கின்றன. கடைசிப் பக்கத்தில் விலை ஏறினால் படம் பிடித்து வையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுங்கள்.

இன்னொன்று, நம் பெரம்பலூர், அரியலூர் ஆட்சியர்களுக்கு ஒரு விண்ணப்பம். நாளைக்கு இங்கேயும் பெரிய கச்சேரி வரும். அரசு மைதானத்தைத்தான் கேட்பார்கள். அனுமதிக் கடிதத்தில் இரண்டு நிபந்தனை சேருங்கள். விளம்பரத்திலேயே முழு விலை இருக்க வேண்டும். டிக்கெட்டில் ஒரு பகுதியைப் பெரம்பலூரிலும் அரியலூரிலும் கவுன்ட்டர் வைத்து, கூடுதல் கட்டணமில்லாமல், கையில் காசு வாங்கி விற்க வேண்டும்.