உடன் பயில்வோரிடம் கற்கும் பேச்சுக்கலை



மேடைப்பேச்சு பிறவியிலேயே வாய்ப்பது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அஃது உண்மையன்று, வகுப்பறையில் பயின்று பெறத்தக்க கலை அது. 1916 மே 9 அன்று, நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில், 25 வயது மாணவரான அண்ணல் அம்பேத்கர் இந்தியச் சாதிகளைப் பற்றிய தம் கட்டுரையை வாசித்தார். மாணவர் அவையில் பேசிப் பழகிய அவரே, 1946 டிசம்பர் 17 அன்று அரசியல் நிர்ணய சபையில் எதிர்பாராத வேளையில் அழைக்கப்பட்டபோதும் தடுமாறாது உரையாற்றினார்.

ஆதலின், உடன் பயிலும் ஒருவர் பேச எழும்போது நாம் கைதட்டுவதோடு நின்றுவிடலாகாது. தாளைவிட்டுத் தலைநிமிராதவர் பேச்சு ஏன் நம்மை எட்டவில்லை? ஆண்டும் கணக்கும் காட்டிப் பேசியவர் சொல் ஏன் நெஞ்சில் நின்றது? எதிர்க்கேள்விக்குச் சினமின்றி விடையிறுத்தவர் எவ்வாறு ஆயத்தமானார்? இவற்றைக் குறித்துவைத்து, நம் முறை வரும்போது கைக்கொள்வோம். நிறையை அவையில் சொல்வோம். குறையைத் தனியே சொல்வோம்.

இது பரிசுக் கோப்பைக்கான பயிற்சி மட்டுமன்று. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் கிராமசபையில் வாக்காளர் எவரும் பேசலாம். சத்தியமங்கலம் வட்டாரத்து நம் மூத்தோர் பலர் பின்வரிசையில் நின்று கேட்டுத் திரும்பினர். நம் இளைஞர்களோ முன்வந்து, மயானப் பாதையும் குடிநீர்க் குழாயும் வேண்டுமெனத் தெளிவுறப் பேசி, அதனைத் தீர்மானமாகப் பதிவு செய்வித்தே திரும்ப வேண்டும்.