சுடுநீர் பட்டதும் முதல் 20 நிமிடம்



பொழுது விடியுமுன் வேலைக்குப் புறப்படும் வீடுகளில் அடுப்படி ஒரே பரபரப்பாக இருக்கும். கோப்பி கலக்க வேண்டும். சாப்பாடு கட்ட வேண்டும். நடக்கப் பழகிய குழந்தை தூக்கம் கலைந்து தாயைத் தேடி வருவதும் அந்த நேரத்தில்தான். மேசை விரிப்பைப் பிடித்து இழுக்கும், கோப்பை கவிழும். கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் நடந்துவிடும்.

உடனே ஒருவர் பற்பசையைத் தேடுவார். ஒருவர் கிச்சாப் போத்தலை எடுத்து வருவார். பாட்டி, எண்ணெய் தடவச் சொல்வார். எல்லாம் அன்பினால்தான். ஆனால் இவை எதுவும் சூட்டைத் தணிப்பதில்லை. புண்ணில் அழுக்குச் சேரும். மருத்துவர் அதைத் துடைத்தெடுக்கும்போது குழந்தைக்கு வேதனையும் கூடும்.

அடுப்பை அணைத்த பிறகும் மண்சட்டியில் குழம்பு சிறிது நேரம் கொதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே தோலுக்குள் புகுந்த சூடும் தொடர்ந்து வேலை செய்கிறது. குழந்தையின் தோலோ மெல்லியது. ஆகவே முதல் மருந்து குழாய்த் தண்ணீர்தான்.

சட்டை, வளையல், கொலுசு ஆகியவற்றை உடனே கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியை மட்டும் பிய்க்காதீர்கள். சுட்ட இடத்தில் 20 நிமிடம் தண்ணீர் ஓடட்டும். மற்ற உடம்பு குளிர்ந்துவிடாமல் போர்த்திக்கொள்ளுங்கள். ஐஸ் வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள்.

புண் முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் ஆகியவற்றில் இருந்தாலும், குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும், கைக்குழந்தையானாலும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நிலைமை மோசமென்றால் 999க்கு அழையுங்கள்.

தாய்மார்களே, தந்தைமார்களே, இன்னொன்றும் சொல்ல வேண்டும். தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன அக்காவுக்கு வயது எட்டோ ஒன்பதோதான் இருக்கும். இப்படி ஏதும் நடந்தால் பல வீடுகளில் முதல் அடி அவளுக்குத்தான் விழுகிறது. "நீ பார்க்காமல் என்ன செய்தாய்?" என்று கணவன் மனைவிக்குள்ளும் சண்டை மூளுகிறது. சண்டை நடக்கும் நேரமெல்லாம் குழந்தைக்குத் தண்ணீர் கிடைக்காத நேரம். அடிபட்ட பிள்ளை, மறுமுறை ஏதாவது நடந்தால் பயந்து மறைத்துவிடும்.

அதனால் அவளை அடிக்காதீர்கள்; சொல்லிக் கொடுங்கள். "சுட்டுவிட்டால் குழாயடிக்குக் கொண்டு போ, தண்ணீரைத் திற, சத்தம் போட்டுப் பெரியவர்களைக் கூப்பிடு. யாரும் உன்னை ஏச மாட்டோம்" என்று இன்றிரவே சொல்லி வையுங்கள். விஷயம் தாமதமாகத் தெரிய வந்தாலும், 3 மணி நேரத்துக்குள் தண்ணீர் ஊற்றினால் பலனுண்டு.

மேசை விரிப்பை எடுத்துவிடுங்கள். சட்டியின் கைப்பிடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். கோப்பியைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இவற்றுக்குக் காசு செலவில்லை. கவனம் ஒன்றே போதும்.